உப்பு ஊரிலிருந்து கருப்பட்டி ஊருக்கு

"கடற்கரை ஓரமாக ஒரு சாப்பாட்டுப் பிரயாணம் போய்விட்டு வாருங்கள். எங்கே என்ன சாப்பிடலாம், எதைப் பார்க்கலாம் என்று நம் வாசகிகளுக்கு எழுத வேண்டும்" என்று எங்கள் ஆசிரியர் சொன்னபோது, பக்கத்து மேஜைக்காரர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தலைதீபாவளிக்குப் புறப்படும் மாப்பிள்ளையை மற்றவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். ஆபீஸ் செலவில் சாப்பாடு! வேறென்ன வேண்டும்?

"எந்தக் கடற்கரை, சார்?"

"அது உங்கள் இஷ்டம். கடைகளின் பெயரை மட்டும் எழுதிவிடாதீர்கள். பெயர் வராத கடைக்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்."

இஷ்டம் என்றதும் எனக்கு ஒரே ஒரு கரைதான் ஞாபகத்துக்கு வந்தது. தூத்துக்குடியில் தொடங்கி, காயல்பட்டினம், திருச்செந்தூர் வழியாக மணப்பாடு வரைக்கும் போகிறதே, அந்தக் கரை. எல்லாம் சேர்ந்து சுமார் 60 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். தூத்துக்குடி என் அம்மா பிறந்த ஊர். ஆகவே அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது என்று தீர்மானித்தேன். பிறந்த ஊர் என்பது மட்டுமல்ல காரணம்.

2021 மே மாதத்தில் அம்மாவுக்குக் கொரோனா வந்தது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு நல்லபடியாக வீடு திரும்பினாள். ஆனால் மூக்கு திரும்பவில்லை. மூக்கு இருக்கிறது, மூக்குத்தியும் இருக்கிறது; வாசனைதான் போய்விட்டது. அந்த வருஷம் எத்தனையோ பேருக்குப் போயிற்று. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் திரும்பியும் விட்டது. அம்மாவுக்கு மாத்திரம் இல்லை.

"நாக்குக்குத் தெரிந்ததெல்லாம் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்று நாலைந்துதான், அம்மா. பாக்கி ருசியையெல்லாம் மூக்குதான் சொல்லிக் கொடுக்கிறது" என்றார் டாக்டர். கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ் என்று நாலு சீசாக்களைக் காலையும் மாலையும் முகர்ந்து பழகச் சொன்னார். அம்மா ஒரு மாதம் முகர்ந்து பார்த்தாள். பிறகு, "அத்தர் வியாபாரி மாதிரி சீசாவும் கையுமாக உட்கார எனக்குப் பொழுதில்லை" என்று அஞ்சறைப் பெட்டிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டாள். மூக்கு இல்லாமலே கொஞ்ச காலம் சமைக்கவும் செய்தாள். கண்ணளவும் கையளவும் இருக்கிறதே, அதைக் கொண்டு.

சென்ற வருஷம் ஒரு சாயங்காலம் நான் ஆபீஸிலிருந்து வந்து கதவைத் திறந்தால், குப்பென்று காஸ் வாடை. பால் பொங்கி அடுப்பு அணைந்திருக்கிறது. அடுப்பின் திருகு திறந்தபடியே இருக்கிறது. அதற்கு நாலடி தூரத்தில் உட்கார்ந்து அம்மா நிதானமாக முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். என் கைகால் நடுக்கம் நிற்க வெகு நேரம் ஆயிற்று. என் கணவர் மறுநாளே காஸ் கசிந்தால் கூச்சலிடும் கருவி ஒன்றை வாங்கி வந்து சுவரில் மாட்டினார். அம்மா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. "இனிமேல் அடுப்பங்கரை உன்னுடையது" என்றாள். நாற்பது வருஷம் அடுப்படியில் ராஜ்யம் நடத்தினவள், கூடத்து நாற்காலிக்கு வந்து சேர்ந்தாள். சாப்பாட்டை எப்படிச் சாப்பிட்டாள் என்கிறீர்கள்? கடனுக்குத் தவணை கட்டுவது போல்.

பிறந்த ஊர்ச் சாப்பாடு மூக்கை எழுப்பாதா என்று எனக்கு ஒரு நப்பாசை. "எந்த வைத்திய புஸ்தகத்தில் இருக்கிறது அது?" என்றார் என் கணவர். எதிலும் இல்லைதான்.

பங்குனி மாதத்தில் ஓர் இரவு எழும்பூரில் முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். பங்குனியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்தப் பக்கம் பதநீர் தொடங்கியிருக்கும், உப்பளத்தில் வேலை நடக்கும், மீனும் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நமது கிழக்குக் கரையில் விசைப் படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று தடை இருக்கிறது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அப்போது போனால் சிறு படகுக்காரர்கள் கொண்டு வருவதோடு திருப்திப்பட வேண்டியதுதான்.

ஸ்டேஷனுக்குச் சித்தி வந்திருந்தாள். அவளைப் பார்த்ததுதான் தாமதம், முப்பது வருஷச் சென்னைப் பேச்சு அம்மாவிடமிருந்து கழன்று விழுந்தது. "ஏட்டி, என்ன இப்படி மெலிஞ்சு போயிருக்க?" என்றாள். எனக்குப் பரம சந்தோஷம். பேச்சு திரும்பிவிட்டது, மூக்கு திரும்புவதற்கு என்ன கேடு?

சித்தி வீட்டில் மத்தியானம் சாளைக் குழம்பு. நாம் மத்தி என்கிறோமே, அதுதான் இங்கே சாளை. தேங்காயும் சீரகமும் சின்ன வெங்காயமும் மைய அரைத்து, மாங்காய்த் துண்டு போட்டு வைத்திருந்தாள். கூடவே மாசிச் சம்பல். மாசி என்பது சூரை மீனை வேகவைத்துக் காயப்போட்டது. விறகுக் கட்டை மாதிரி இருக்கும். இலங்கைக்கும் மாலத் தீவுக்கும் தோணி போய் வந்த ஊர் அல்லவா, அந்தச் சிநேகத்தில் இங்கே வேரூன்றியது. இடித்துத் தேங்காயும் மிளகாயும் சேர்த்துச் சம்பல் அரைத்தால் தெருக்கோடி வரைக்கும் தெரியும். சித்தி உரலில் இடித்தபோது அம்மா பக்கத்தில்தான் இருந்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னட்டி, என் மூஞ்சியில் படமா ஓடுது? உப்பும் உறைப்பும் தெரியுது. போதும், சாப்பிடு" என்றாள்.

ஊரில் பார்க்க வேண்டியது பனிமய மாதா கோவில். மணிலாவிலிருந்து 1555-ல் வந்து சேர்ந்ததாகச் சொல்லும் மாதா. ஆகஸ்டு 5-ஆம் தேதி திருவிழா; அன்று ஜாதி மதம் பாராமல் ஊரே கூடும். 1982-ல் கோவிலுக்குப் பசிலிக்கா என்ற பட்டம் கிடைத்தது. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதும் இந்த ஊரிலேதான். கடற்கரைச் சாலையில் மாலை நேரத்தில் நடந்தால் எல்லாம் பார்த்துவிடலாம்.

அங்கிருந்து கிரேட் காட்டன் ரோடு பக்கம் போனால் மக்ரூன் வாங்கலாம். முட்டையின் வெள்ளைக்கருவைச் சர்க்கரையோடு நுரைக்க அடித்து, முந்திரிப் பருப்புத் தூளைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, மந்தமான சூட்டில் வைத்து எடுக்கிறார்கள். மேலே மொறுமொறுப்பு, வாயில் போட்டால் எங்கே போயிற்று என்று தேட வேண்டும். காற்றுப் பட்டால் நமுத்துவிடும். ஆகையால் ஊருக்குக் கொண்டு போகிறவர்கள் நல்ல மூடியுள்ள டப்பா எடுத்துச் செல்வது உத்தமம். நான் காகிதப் பொட்டலத்தில் கொண்டு வந்து அனுபவப்பட்டவள்.

இரவில் சித்தப்பா, "வாங்க, நைட் கிளப்புக்குப் போவோம்" என்றாரே பார்க்கலாம்! நான் திடுக்கிட்டு அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரியாய்ச் சிரித்தாள். பரோட்டாக் கடைக்குத்தான் இந்த ஊரில் அந்தப் பெயர். பொழுது சாய்ந்த பின் அடுப்பு மூட்டுவதால் வந்த பெயராம். சால்னாவில் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு ஊறவைத்துச் சாப்பிடுவது கிரமம். பெண்டு பிள்ளைகளோடு தாராளமாகப் போகலாம். ஒன்பது மணிக்குள் போவது நல்லது. அப்புறம் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும்.

மறுநாள் நான், அம்மா, சித்தி மூவரும் திருச்செந்தூர் பஸ் ஏறினோம். ஊரைத் தாண்டியதும் ரோட்டோரமெல்லாம் உப்பளம். தேசத்தில் குஜராத்துக்கு அடுத்தபடி உப்பு விளைவது இங்கேதான். கண்ணைக் கூசும் அந்த வெள்ளை வெளியில் நீளக் கழியில் பலகை கட்டி உப்பை வாரி ஒதுக்குகிறவர்களில் பாதிப் பேர் பெண்களாகத் தெரிந்தார்கள். அந்த வெயில் கண்ணுக்கும், அந்த உப்புத் தண்ணீர் காலுக்கும் என்ன செய்யும் என்பது சித்திக்குத் தெரிந்திருந்தது. "சாயங்காலம் காலைப் பாத்தா வெடிச்சிருக்கும்; மழை வந்துட்டா வேலையும் கெடையாது" என்றாள். நம் வீட்டு உப்பு ஜாடியில் அதெல்லாம் தெரிவதில்லை.

அப்புறம் தாமிரபரணியின் கைங்கரியத்தால் காட்சி அடியோடு மாறிவிடுகிறது. ஆத்தூரில் வாழையும் வெற்றிலைக் கொடிக்காலுமாகப் பச்சைப் பசேல் என்று இருக்கிறது. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கொடுத்திருக்கிறார்கள். அதே 2023 டிசம்பரில்தான் இந்தப் பிரதேசம் முழுவதும் வெள்ளத்தில் மூழ்கியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை! பல இடங்களில் ஒரு வருஷம் முழுவதும் பெய்தாலும் அவ்வளவு காணாது.

காயல்பட்டினத்தில் சித்தியின் பள்ளிக்கூடத் தோழி வீட்டில் மத்தியான விருந்து. அந்த ஊரில் பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்குப் பின்னால் குறுகலான சந்துகள் இருக்கின்றன, முடுக்கு என்கிறார்கள். ரோட்டுக்கே வராமல் தெருத் தெருவாகப் போய்விடலாம். அந்த வழியாகத்தான் எங்களை அழைத்துப் போனார்கள். நெய்ச்சோறு, களறிக் கறி, கத்தரிக்காயும் மாங்காயும் போட்ட ஒரு கூட்டு. இது கல்யாண வீட்டுச் சமையல். ஓட்டலில் தேடிப் பிரயோசனமில்லை, யாராவது அழைக்க வேண்டும். அழைப்பு இல்லாதவர்கள் சாயங்காலக் கடைகளில் அரிசி மாவில் செய்யும் 'வாடா'வை வாங்கித் தின்று ஆறுதல் அடையலாம்.

பெரிய தாலம் ஒன்றில் சோற்றை வைத்து எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டோம். அந்த அம்மாள் நல்ல துண்டுகளாகப் பார்த்து என் அம்மா பக்கமே ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"எனக்கு ருசி தெரியாதும்மா. வீணாப் போகும். பிள்ளைக்கு வை" என்று அம்மா விஷயத்தைச் சொன்னாள்.

"அப்படியா லாத்தா? அப்போ நல்லதாப் போச்சு. நல்லா இல்லன்னு சொல்லவும் ஒங்களுக்குத் தெரியாதுல்லா" என்று சொல்லி இன்னும் இரண்டு துண்டு வைத்தார் அவர். அம்மா அன்று வயிறு நிறையச் சாப்பிட்டாள். தவணை கட்டுகிற மாதிரி இல்லை.

திருச்செந்தூரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஜூலை 7-ல் கும்பாபிஷேகம் ஆன கோவில் புதுக் கருக்கோடு நிற்கிறது. கிழக்கே கடல் இருப்பதால் ராஜகோபுரம் மேற்கே இருக்கிறது. கடலுக்கு அத்தனை அருகே இருந்தும் நாழிக் கிணற்றில் உப்புக் கரிக்காத தண்ணீர். பன்னீர் இலையில் விபூதி வாங்கினோம். அம்மா அதை மூக்கருகே கொண்டு போய் ஒரு நிமிஷம் வைத்திருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை ஓர் ஆட்டோ பேசிக்கொண்டு, குலசேகரன்பட்டினம் வழியாக மணப்பாடு போனோம். தசராவுக்குப் பெயர் போன குலசையில் இப்போது ராக்கெட் தளம் வருகிறது. 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மணப்பாட்டில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணல் குன்றின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவைக் கோவில் இருக்கிறது. குன்றின் அடியில், 1542-ல் இந்தக் கரைக்கு வந்த சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை. மேலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் கழி. நடுவே அந்தச் சின்ன ஊர். இந்தப் பிரயாணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் போகப் பொழுது இருக்கிறது என்பவர்கள் இங்கே போகலாம். சாப்பாட்டுக்கு அல்ல, கண்ணுக்கு.

அங்கிருந்து உடன்குடிப் பக்கம் திரும்பினோம். செம்மண் தேரியும் பனை மரமும் தவிர வேறொன்றும் இல்லாத பூமி. ஆட்டோக்காரர் தமக்குத் தெரிந்த ஒரு விடிலிக்கு எங்களைக் கொண்டு போய் விட்டார். விடிலி என்பது பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை. உள்ளே தரையோடு தரையாக அடுப்பு. அதன் மேல் அகன்ற சட்டி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு துடுப்பால் கிண்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் வெளியே மரத்தில் இருந்தார்.

முதலில் பனை ஓலையை மடித்துக் கட்டிய பட்டையில் பதநீர் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுக் கொடுத்தார்கள். பட்டையில் குடிப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும். என் புடவையில் பாதி குடித்துவிட்டது. அம்மா ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

"எப்படி இருக்கிறது?"

"இனிக்குது."

நான் என் நோட்டுப் புஸ்தகத்தை எடுத்து அந்த அம்மாளைத் துளைக்க ஆரம்பித்தேன். பனையேறி தினம் இரண்டு தடவை ஒவ்வொரு மரத்திலும் ஏறிப் பாளையைச் சீவ வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாவிட்டால் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். அது இறங்கியதும் பெண்கள் பாடு ஆரம்பம். மணிக்கணக்கில் காய வேண்டும். நுரை பொங்கினால் ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள், அடங்கிவிடும். பாகு பதம் வந்ததும் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. சுக்கும் மிளகும் ஏலமும் சேர்த்து ஊற்றினால் சில்லுக்கருப்பட்டி. எட்டு, பத்து லிட்டர் காய்ந்தால் ஒரு கிலோ தேறும்.

"கடையில் விற்பது எல்லாம் அசல்தானா?"

"எல்லாத்தையும் எப்படிச் சொல்லுதது? சீனியைக் கலந்து காய்ச்சுதவங்களும் இருக்காங்கல்லா. சீனி போட்டது மினுமினுன்னு இருக்கும். எங்களது பாக்க அழகா இருக்காது." உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்துவிட்டது. மரம் ஏற ஆள்தான் இல்லை. அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021-ல் சர்க்கார் உத்தரவு போட்டதைச் சொன்னேன். "வெட்டாம வச்சிருவாங்க; ஏறுதது யாரு? எங்க மக்க ரெண்டு பேரும் மெட்ராசுல கடையில நிக்கானுவ. நாங்களே வேண்டாம்னு சொல்லிட்டோம்" என்றார். அவர் வீட்டுக்காரரின் மார்பும் கணுக்காலும் காய்த்துப் போயிருந்ததை நானும் பார்த்தேன். வேண்டாம் என்று சொன்ன தாயாரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படி நான் கேட்க, அவர் சொல்ல, துடுப்பு சற்றே நிதானப்பட்டுவிட்டது போலிருக்கிறது. வாசலோரம் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மா சடக்கென்று எழுந்து வந்தாள்.

"யம்மா, அடி பிடிக்குது! கிண்டு, கிண்டு!"

அந்த அம்மாள் திடுக்கிட்டுச் சட்டியின் அடியைச் சுரண்டினார். கறுப்பாக ஒரு பொருக்கு மேலே வந்தது. அவசரமாக இரண்டு எரியும் மட்டையை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "நல்ல வேளை, யக்கா! இன்னும் கொஞ்சம் விட்டா சட்டி அம்புட்டும் கசந்திருக்கும்" என்றார்.

எனக்கு எதுவும் வாசனை தெரியவில்லை. விடிலி முழுவதும் புகையும் பாகுமாக மணத்துக்கொண்டிருந்ததில், மூக்குள்ள எனக்கே தெரியாதது, அம்மாவுக்கு! நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அம்மா! வாசனை தெரிந்ததா?"

அம்மா மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். மறுபடியும் உறிஞ்சினாள். சூடு ஆறாத கருப்பட்டித் துண்டு ஒன்றை எடுத்து அவள் மூக்கருகே வைத்தேன். அம்மா தலையை அசைத்தாள்.

"இல்லட்டி. ஒண்ணும் தெரியல."

"பின்னே எப்படிக் கண்டுபிடித்தாய்?"

"தெரியலையே. பிடிக்குதுன்னு தெரிஞ்சுது, எந்திரிச்சு வந்தேன்."

விடிலிக்கார அம்மாள் கிண்டுவதை நிறுத்தாமலே சொன்னார்: "சத்தத்துல தெரிஞ்சிருக்கும். நல்லாக் கொதிக்கையில தளதளன்னு கேக்கும். அடி பிடிச்சா கரகரன்னு மாறும். இந்தப் புகையில எனக்கு மட்டும் மூக்கு எங்க இருக்கு? நானும் காதை வச்சுதான் காய்ச்சுதேன்."

அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்பருகே போய்க் குந்தி உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் துடுப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டாள். சித்தி, "எக்கா, புடவை, புடவை" என்று கத்தியதை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பாகைச் சிரட்டையில் ஊற்றும் வரைக்கும் எங்களால் அவளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை. முதலூர் மஸ்கோத் அல்வாவுக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அங்கேயே போய்விட்டது. தேங்காய்ப் பாலில் கிண்டுகிற அந்த அல்வாவை ஆட்டோக்காரரைக் கொண்டு வாங்கிவரச் செய்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் செய்வதைப் பார்க்காததால் அதைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை.

அன்று இரவு திருச்செந்தூரில் செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறியபோது எங்களிடம் நாலு கிலோ கருப்பட்டி இருந்தது. பார்க்க அழகாக இல்லாததாகப் பார்த்து அம்மாவே பொறுக்கினாள். விலைக்கு அவள் பேரம் பேசவில்லை. இது நான் என் ஆயுளில் காணாத காட்சி.

வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலை, நான் கண் விழித்தபோது சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா சுவரில் இருந்த அந்தக் கருவியை அண்ணாந்து பார்த்து, "ஏட்டி, இந்தச் சனியனுக்கு உயிர் இருக்கான்னு பாரு" என்றாள். பச்சை விளக்கு எரிகிறது என்றேன். அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு பாத்திரத்தில் பால். இன்னொன்றில் கருப்பட்டியைத் தட்டிப் போட்டுத் தண்ணீர். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

கூடத்தில் என் கணவர் வழக்கம் போல் டெலிவிஷனில் காலைச் செய்தியை முழங்க விட்டிருந்தார். அம்மா வாசற்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தாள்.

"மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்காதீங்க. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க. பால் என்ன சொல்லுதுன்னு கேக்கல."